சும்மா இருக்கும் கணினி சும்மாவா இருக்கிறது?

மாணவர்களே, இன்றிரவு வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்த பிறகு கூடத்தில் எவையெல்லாம் இன்னும் ஒளிர்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். ரவுட்டரின் பச்சைப் புள்ளிகள், தொலைக்காட்சியின் சிவப்புப் பொட்டு, மேசைக்கு அடியில் கணினிப் பெட்டியின் நீல விளக்கு. கொஞ்சம் காது கொடுத்தால் பெட்டிக்குள் காற்றாடி சுழலும் மெல்லிய ஓசையும் கேட்கலாம். பள்ளிப் பயிற்சியை முடித்துவிட்டு நீங்கள் எட்டு மணிக்கே எழுந்து போய்விட்டீர்கள். கணினிக்கு மட்டும் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

பல வீடுகளில் இது தீராத வழக்கு. "கரண்டு பில்லை யார் கட்டுவது?" என்பார் அப்பா. "அடிக்கடி அணைத்துப் போட்டால்தான்பா கெட்டுப்போகும். போடும்போது ஒரே இழுப்பில் இழுக்கிற கரண்டு, ராத்திரி முழுக்க ஓடுவதைவிட அதிகம்" என்பார் அண்ணன். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆற்றல் என்பது திறனை நேரத்தால் பெருக்கி வருவது என்று நீங்கள் இயற்பியலில் படித்த சூத்திரமே பாதி வேலையைச் செய்துவிடும்.

முதலில் 'சும்மா இருக்கிறது' என்ற பேச்சையே சற்றுச் சந்தேகிப்போம். திரையில் எதுவும் நடக்காதபோதும் ஒரு மேசைக் கணினி ஏறக்குறைய 50 முதல் 80 வாட் வரை எடுத்துக்கொள்ளும். இந்த மின்சாரம் எங்கே போகிறது? சுவரிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டம். கணினிக்கு வேண்டியதோ 12 வோல்ட், 5 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்தில் நேர்த்திசை மின்னோட்டம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மின்வழங்கி, மாற்றிக் கொடுக்கும்போதே ஒரு பங்கை வெப்பமாக இழந்துவிடுகிறது. வன்தட்டு இருந்தால் அது நிமிடத்துக்கு 7,200 முறை சுழன்றபடி இருக்கும். நினைவகம், தாய்ப்பலகை, வரைகலை அட்டை ஆகிய எல்லாவற்றுக்கும் தீனி வேண்டும். செயலியில் உள்ள டிரான்சிஸ்டர்கள் மூடிய நிலையிலும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கசியவிடுகின்றன. ஒரு குழாய் ஒழுகுவது துளியிலும் துளிதான். ஆனால் உள்ளே இருப்பவை நூறு கோடிக்கும் மேற்பட்ட குழாய்கள்.

சரி, இரவெல்லாம் 60 வாட் வாங்கிய கணினி அதைக்கொண்டு என்ன செய்தது? எதையும் மேலே தூக்கவில்லை, எதையும் நகர்த்தி வைக்கவில்லை. ஆற்றலை அழிக்க முடியாது என்பது விதி. ஆகவே காற்றாடி கிளப்பிய காற்று, விளக்கின் ஒளி, செயலியின் கணக்கு எல்லாமே கடைசியில் வெப்பமாகத்தான் முடிகின்றன. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அப்படியானால் இரவெல்லாம் உங்கள் அறையில் கூடுதலாக அரை ஆள் உட்கார்ந்து வெப்பத்தை ஊதிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கலாம். நம் ஊரில் ஏர்கோன் போட்ட அறையில் அவரை வெளியே தள்ள மறுபடியும் செலவு. மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற ஏர்கோன் ஏறக்குறைய ஒரு பங்கு மின்சாரம் கேட்கும். கணினியின் 60 வாட்டுக்கு ஏர்கோன் பக்கம் இன்னொரு 20 வாட் ஏறுகிறது.

இனி காசுக் கணக்கு. உங்கள் கணினி ஒரு நாளில் 6 மணி நேரம் உண்மையாகவே பயன்படுகிறது, மீதி 18 மணி நேரம் சும்மா ஓடுகிறது என்று கொள்வோம். 60 வாட்டை 18 மணியால் பெருக்கினால் 1,080 வாட் மணி, அதாவது 1.08 யூனிட். ஓர் ஆண்டுக்கு 394 யூனிட். கணக்கு எளிதாக இருக்க யூனிட் விலையை 45 சென் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டு பில்லைப் பார்த்துச் சரியான எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விடை ஏறக்குறைய 177 வெள்ளி. திரையையும் அணைக்காமல் விட்டால், அது 25 வாட் எடுப்பதாகக் கொண்டால், மேலும் 74 வெள்ளி. திரையில் மீன்கள் நீந்தும் படத்தை ஓடவிட்டால் மின்சாரம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தழும்பு நிரந்தரமாகப் பதிந்துவிடும்; அதைத் தடுக்கப் பிறந்தவை அந்த மீன்கள். மிச்சத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

அண்ணன் சொன்ன அந்த 'ஒரே இழுப்பு'? அது உண்மையிலேயே இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் மின்வழங்கிக்குள் காலியாக இருக்கும் பெரிய மின்தேக்கிகள் ஒரேயடியாக நிரம்புவதால் அந்தக் கணத்தில் மின்னோட்டம் எகிறும். தாராளமாக 10,000 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது நூறில் ஒரு நொடிக்கு நீடித்தால் செலவாகும் ஆற்றல் 100 ஜூல். சும்மா ஓடும் 60 வாட் கணினி இரண்டே நொடிக்குள் அதைத் தின்று தீர்த்துவிடும். பிறகு கணினி விழித்தெழும் ஒரு நிமிடத்துக்கு 120 வாட் எடுத்தாலும், அது சும்மா ஓடும் இரண்டு நிமிடத்துக்குத்தான் சமம். ஆக, மின்சார வாதத்தில் அண்ணன் தோற்றுவிட்டார்.

தேய்மான வாதத்தில் அவரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

எது சீக்கிரம் கெடும்?

பழைய இழை பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில்தான் 'டப்'பென்று போகும். குளிர்ந்த இழையின் மின்தடை, சூடான இழையின் மின்தடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து, இழையில் மெலிந்த இடம் எதுவோ அது அறுந்துவிடும். போடுவதும் அணைப்பதும் பொருளைக் கெடுக்கும் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றியதற்கு இந்த பல்புகளுக்கும் பங்கு உண்டு. கணினியிலும் இதற்கு ஓர் உறவு இருக்கிறது. சூடேறினால் பொருள்கள் விரிகின்றன, ஆறினால் சுருங்குகின்றன. ஈயப்பற்றும் செம்பும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் அவை ஒட்டியிருக்கும் இடங்களில் சிறு இழுபறி நடக்கிறது. கம்பியை மடக்கி நிமிர்த்தி ஒடிப்பதைப் போன்ற வேலைதான், மிக மெதுவாக.

எவ்வளவு மெதுவாக? வன்தட்டுகள் பலவற்றின் விவரத்தாளில் 50,000 முறை நின்று தொடங்குவதைத் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். நாளைக்கு மூன்று முறை அணைத்துப் போட்டாலும் அந்த எண்ணை எட்ட 45 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் உங்கள் பேரப்பிள்ளைகள் அந்தக் கணினியைப் பார்த்துச் சிரிப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுபவருக்குத்தான் இந்தக் கவலை தேவை.

மறுபக்கம், ஓடிக்கொண்டே இருப்பதும் ஒரு தேய்மானம். மின்வழங்கியில் சிறிய தகர உருளைகள்போல் நிற்கும் மின்தேக்கிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றுக்குள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. வெப்பத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்துபோகும். வேதியியலில் வினைவேகம் படித்தபோது வெப்பநிலை ஏற ஏற வினை விரைவாகும் என்று கற்றீர்கள் அல்லவா? பொறியாளர்கள் இங்கே அதையே பயன்படுத்துகிறார்கள்: வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இந்த வகை மின்தேக்கியின் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது அவர்களின் கைக்கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று எழுதிய மின்தேக்கி, 65 பாகையில் வேலை செய்தால் நான்கு படி இறங்கி 16 மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் தாங்கும். கேட்பதற்குப் பெரிய எண்தான். 24 மணியால் வகுத்துப் பாருங்கள்: 1,333 நாள், நான்கு ஆண்டுகூட இல்லை. அதே மின்தேக்கி நாளுக்கு 6 மணி நேரம் மட்டும் ஓடினால் 14 ஆண்டுகளுக்கு மேல். விலை கூடிய பெட்டிகளில் இன்னும் நல்ல மின்தேக்கிகள் இருக்கும். எண்கள் மாறும், விகிதம் மாறாது.

காற்றாடியின் கதையும் இதுதான். அதன் அச்சு சுழன்ற மணிநேரத்துக்கு ஏற்பத் தேய்கிறது. சுழலும் நேரமெல்லாம் அறையின் தூசியை உள்ளே இழுக்கிறது. தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் தங்கினால் மேலே சொன்ன 10 பாகைக் கணக்கு தலைகீழாக வேலை செய்யும். சாலையோரத் தாமான் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து தூசி தட்ட வேண்டும். கதகதப்பைத் தேடி வந்த பல்லியோ எறும்புக் கூட்டமோ உள்ளே கிடந்தால் வியப்படையாதீர்கள்.

இடி மின்னலையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் மலேசியாவும் ஒன்று. அருகில் விழும் மின்னல், மின்கம்பி வழியாகவும் இணையக் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் அதிக அழுத்தத்தை அனுப்பக்கூடும். வீட்டில் ஆளில்லாத மதிய வேளையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பிளக்கைப் பிடுங்க யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் கணினியை அணைத்துவிட்டு பிளக்கை அப்படியே விட்டாலும் ஆபத்து முழுமையாகப் போய்விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டை வாளிகளின் உறக்கம்

ஓடவிடுவதற்கும் அணைப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை அப்பாவும் அண்ணனும் கவனிக்கவில்லை. கணினியில் 'ஸ்லீப்' என்ற கட்டளையைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தினால் செயலி, வன்தட்டு, காற்றாடி எல்லாம் நின்றுவிடும். நினைவகம் மட்டும் விழித்திருக்கும்.

அதுமட்டும் ஏன் தூங்க முடியாது? நீங்கள் பாதியில் விட்ட கட்டுரையின் ஒவ்வொரு துணுக்கும் நினைவகத்தில் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. நிரம்பியிருந்தால் 1, காலியாக இருந்தால் 0. அந்த மின்தேக்கி ஓட்டை வாளி, ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் நினைவகம், வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை, ஒவ்வொரு வாளியையும் படித்துப் பார்த்து நிரம்பியிருந்தவற்றை மறுபடி நிரப்புகிறது. ஒரு நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல், கோடிக்கணக்கான வாளிகளுக்கு, விடிய விடிய. இவ்வளவு உழைப்புக்கும் சேர்த்து, தூங்கும் மேசைக் கணினி எடுப்பது பெரும்பாலும் ஓரிரண்டு வாட்தான். 2 வாட் என்று கொண்டால், அதே 18 மணி நேரத்துக்கு ஆண்டுச் செலவு 6 வெள்ளிக்கும் குறைவு. 177 வெள்ளி எங்கே, 6 வெள்ளி எங்கே! காலையில் விசையைத் தட்டினால் சில நொடிகளில் கட்டுரை விட்ட இடத்தில் நிற்கும்.

உறங்கும்போது மின்சாரம் போய்விட்டால் வாளிகள் காலி. அந்தப் பயம் இருப்பவர்களுக்கு 'ஹைபர்னேட்' இருக்கிறது. அது நினைவகத்தில் உள்ளதை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு அணைந்துபோகும்.

எண்ணிக்கொண்டே இருக்கும் கடிகாரம்

உடற்பாகங்களின் தேய்மானம் ஒருபுறம் இருக்கட்டும். நெடுநாள் நிற்காமல் ஓடினால் மென்பொருளுக்கும் ஒரு வகைத் தேய்மானம் உண்டு. 1995இல் வந்த விண்டோஸ் 95, கணினி எழுந்ததிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று 32 பிட் எண் ஒன்றில் எண்ணிக்கொண்டிருந்தது. 32 பிட்டில் எழுதக்கூடியது 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம். அத்தனை மில்லிநொடி என்பது 49.7 நாள். பழைய காரின் தூரமானி 99999ஐத் தாண்டிச் சுழியத்துக்குத் திரும்புவதைப் போல, அன்று இந்த எண்ணும் சுழியமாகும், கணினி உறைந்துபோகும். விண்டோஸ் 98இலும் இதே கோளாறு இருந்தது. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 1999இல்தான். அந்த நாள் விண்டோஸ் 49 நாள் தொடர்ந்து ஓடியிருந்தால்தானே யாராவது கவனித்திருப்பார்கள் என்று கணினிக்காரர்கள் இன்றும் கிண்டல் செய்வார்கள்.

எல்லா இடத்திலும் இது கிண்டலாக முடியவில்லை. 1991 வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் எதிரி ஏவுகணைகளைத் தடுக்கும் பேட்ரியட் பொறியமைப்பு ஒன்று ஏறக்குறைய 100 மணி நேரம் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடிக் கணக்கில் எண்ணியது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீளுமல்லவா? இருமத்தில் பத்தில் ஒன்றுக்கும் அதே கதி. 24 பிட்டில் அதை வெட்டியதால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 0.000000095 நொடி பிசகியது. 100 மணி நேரத்தில் 36 இலட்சம் எண்ணிக்கை, பெருக்கினால் 0.34 நொடி. அந்த இடைவெளியில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பிப்ரவரி 25 அன்று பொறியமைப்பு வானத்தில் தவறான இடத்தைப் பார்த்தது. ஏவுகணை படைவீரர் தங்கும் கூடத்தில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். நெடுநேரம் ஓடினால் பிசகு ஏற்படும் என்ற எச்சரிக்கை சில நாள் முன்பே வந்திருந்தது. ஆனால் எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. அணைத்துப் போட்டிருந்தால் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கியிருக்கும், அது ஓரிரு நிமிட வேலை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

உங்கள் வீட்டுக் கணினியில் உயிர் ஊசலாடவில்லைதான். ஆனால் நினைவகத்தைக் கடன் வாங்கித் திருப்பித் தராத செயலிகள் அதிலும் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் பல, மறுதொடக்கம் செய்தால்தான் நடைமுறைக்கு வரும். இங்கே ஒரு நுணுக்கம்: விண்டோஸ் 8 முதல் 'விரைவுத் தொடக்கம்' இயங்கும் கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தால் இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே வன்தட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதுவே திரும்பி வரும். முழுதாகப் புதிதாய்த் தொடங்க 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் தினமும் அணைத்தும் கணினி மந்தமாக இருக்கிறது என்று புலம்புவோர் இதைச் செய்து பார்க்கலாம்.

இரவெல்லாம் ஓடவிட நல்ல காரணங்களும் இருக்கின்றன. 1999 மே மாதத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' திட்டத்தில் இலட்சக்கணக்கானோர் தங்கள் வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியலுக்குக் கொடுத்தார்கள். வானொலித் தொலைநோக்கி பிடித்த சமிக்ஞைகளில் வேற்றுலக அறிவின் சாயல் இருக்கிறதா என்று அந்தக் கணினிகள் தேடின. எதுவும் அகப்படவில்லை, 2020 மார்ச்சில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிடும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' இன்றும் நடக்கிறது. சேரலாம், ஆனால் கணக்குத் தெரிந்து சேருங்கள். இன்றைய செயலிகள் வேலையில்லாதபோது தம்மை ஒடுக்கிக்கொள்கின்றன. முழு வேலை கொடுத்தால் 60 வாட் கணினி 200 வாட்டைத் தாண்டலாம். நீங்கள் கொடுப்பது வீணாகும் நேரத்தை மட்டுமல்ல, அப்பாவின் பில்லிலிருந்து ஒரு நன்கொடையும்கூட. அவரைக் கேட்டுவிடுங்கள்.

கோப்புகளைப் பாதுகாக்கவோ வீட்டுக் கேமராவைப் பதிவு செய்யவோ 24 மணி நேரமும் ஒரு கணினி வேண்டுமென்றால், பெரிய பெட்டிக்கு அந்த வேலை தேவையில்லை. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினிகள் 4 வாட் அளவில் சிறு வேலைகளைச் செய்யும். ஆண்டு முழுவதும் ஓடினாலும் 16 வெள்ளிக்குள் அடங்கும். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது மின்கலத்தை. முழுதாக நிரம்பிய நிலையில், சூட்டில், எப்போதும் பிளக்கிலேயே கிடந்தால் லித்தியம் மின்கலம் விரைவில் முதுமை அடையும். 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி பல மடிக்கணினிகளின் அமைப்புகளில் இருக்கிறது.

இதுவரை நான் சொன்ன 60 வாட்டை நீங்கள் அப்படியே நம்ப வேண்டாம். வாசலில் உள்ள மின்சார மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் சிறு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்ற எண், 1000 என்றோ 1600 என்றோ, மீட்டரின் முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டாரிடம் சொல்லிவிட்டு, குளிர்பதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்கு நிறுத்துங்கள். கணினி மட்டும் சும்மா ஓடட்டும். மீட்டரைத் தொட வேண்டாம். தள்ளி நின்று இரண்டு சிமிட்டலுக்கு இடையே எத்தனை நொடி என்று கைப்பேசியில் அளந்தால் போதும். எண் 1000 என்றால் 3,600ஐயும், 1600 என்றால் 2,250ஐயும் அந்த நொடிகளால் வகுங்கள். கிடைப்பது வாட். 1000 மீட்டரில் 60 நொடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் சரியாக 60 வாட்.

பிறகு கணினியை 'ஸ்லீப்'பில் போட்டு மறுபடி அளக்க ஆசை வரும். 2 வாட்டில் அடுத்த சிமிட்டலுக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் போய்க் குளிர்பதனப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். உள்ளே அம்மா வாங்கி வைத்த மீன் இருக்கும்.